புல்டோசர் வருமுன் நடப்பவை

கோலாலம்பூரில் நம்மவர்கள் வாழ்ந்து காலிசெய்த ஏதாவது ஒரு கம்பத்தின் (கிராமக் குடியிருப்பின்) பெயரை யூடியூப்பில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் வரும். மண்வாரி இயந்திரம் ஒரு பக்கம், அமலாக்க அதிகாரிகள் ஒரு பக்கம், நடுவில் தகரக் கூரை சரிகிறது. ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுகிறார். பின்னணியில் புல்லாங்குழல். பார்க்கிற நமக்கும் மனசு கனத்துப்போகும். ஆனால் இந்த முடிவை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், அதைத் திருத்த எந்த நாளில் வாய்ப்பு இருந்தது என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது.

இடிப்பு ஒரே நாளில் நடந்து முடிகிற சம்பவம். கேமராவுக்கு அது வசதி. திட்டமிடல் பத்து, பதினைந்து ஆண்டுகள் இழுக்கும். வரைபடம், கடிதம், நில மாற்றப் பத்திரம், ஆட்சேபக் கூட்டம் என்று முழுக்கக் காகிதமாகவே நகரும். காகிதத்தைப் படமெடுப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் நகரத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படம் தேறுமா தேறாதா என்பது அந்தச் சலிப்பான பகுதியை இயக்குநர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்துத் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் நாட்டிலுள்ள கைப்பேசி எல்லாம் அந்தக் கோயில் வாசலில்தான் நின்றது. நேரலை, வாக்குவாதம், அறிக்கைக்கு மறுஅறிக்கை. கடைசியில் ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி வேறோர் இடத்துக்குக் கோயிலை மாற்றுவதென்று முடிவானது. ஆனால் கோயில் நின்ற நிலத்தை மாநகர் மன்றம் ஒரு துணி வியாபார நிறுவனத்துக்கு விற்றது 2014இல். இடைப்பட்ட 11 ஆண்டுகளும் படத்துக்குரிய காலம்தான். அப்போது யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஏனென்றால் அப்போது ‘எதுவும் நடக்கவில்லை’.

இந்தக் காகிதப் பகுதி கோலாலம்பூரில் இவ்வளவு மறைவாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நகரத்தை நடத்துகிறவரை இங்கே யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் தேர்தல் இருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 1951இலும் கோலாலம்பூரில் 1952இலும் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1961இல் தலைநகரம் நியமிக்கப்பட்ட ஆணையர் ஒருவரின் பொறுப்புக்குப் போனது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதை நிலையாக்கிவிட்டது. 1974 பிப்ரவரி 1இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனதோடு, கோலாலம்பூர்க்காரருக்குச் சட்டமன்றமும் இல்லாமல் போனது. நாடாளுமன்றத் தொகுதி 11 உண்டு, அவ்வளவுதான். வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் சரி, பக்கத்துத் திடலில் 50 மாடி எழுந்தாலும் சரி, கேள்வி கேட்கவேண்டியது நியமனத்தில் வந்த மேயரான டத்தோ பண்டாரிடம்.

நகரம் எப்படி வளரவேண்டும் என்பதை மூன்று அடுக்காக முடிவு செய்கிறார்கள். மேலே கட்டமைப்புத் திட்டம்: இருபதாண்டுக் கணக்கில் நகரத்தின் பொதுப் போக்கு. அதன் கீழே உள்ளூர்த் திட்டம்: எந்த மனை வீட்டுக்கு, எது கடைக்கு, எது திடலுக்கு, எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்று மனை மனையாகச் சொல்வது. அதற்கும் கீழே, தனித்தனிக் கட்டடத்துக்கான மேம்பாட்டு அனுமதி. 2020ஐக் குறிவைத்த கட்டமைப்புத் திட்டம் 2004இல் வெளியானது. அதற்குரிய உள்ளூர்த் திட்டம் கெஜட் ஆனது 2018இல். பதினான்கு ஆண்டுகள்! மனைவாரி விதி சட்டமாகாமல் வெறும் வரைவாகக் கிடந்த அந்த இடைவெளியில்தான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற பல கோபுரங்களுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது நடப்பில் இருப்பவை 2040க்கான திட்டங்கள்: கட்டமைப்புத் திட்டம் 2023இல், உள்ளூர்த் திட்டம் 2025இல் கெஜட் ஆனது.

இதையெல்லாம் படத்தில் எப்படிக் காட்டுவது? வரைபடத்தை அசையவிட்டு, அம்புக்குறி போட்டு, பின்னணிக் குரலில் சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் பார்ப்பவர் தூங்கிவிடுவார். வேறு வழி, சட்டத்தின் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அது யாரைத் தொடுகிறது, யாரைத் தொடாமல் போகிறது என்று பின்தொடர்வது. அதற்குப் புக்கிட் கியாராவை விடப் பொருத்தமான கதை தலைநகரில் இல்லை.

புக்கிட் கியாரா ஒரு ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை மலையடிவாரத்தில் நீண்ட வீடுகளில் குடிவைத்தார்கள். ‘தற்காலிகம்’ என்றார்கள், நிரந்தர வீடு பிறகு வரும் என்றார்கள். தோட்டத்து லயம் பெயர் மட்டும் மாறி நகரத்துக்குள் வந்து உட்கார்ந்ததுபோல ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். சுற்றிலும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வளர்ந்தது. நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களின் வட்டாரம். வீடுகளை ஒட்டி ரிம்பா கியாரா பூங்கா, சுமார் 25 ஏக்கர்.

2017இல் அந்தப் பூங்காவில் ஏறத்தாழ பாதி நிலத்தில், 12 ஏக்கரில், எட்டு உயர்மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கிடைத்தது. சில 50 மாடியைத் தாண்டுபவை. கூடவே நீண்ட வீட்டு மக்களுக்கும் சேர்த்து மலிவு விலை வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் 2018இல் தோல்வி, மேல்முறையீட்டில் 2021 ஜனவரியில் வெற்றி, கூட்டரசு நீதிமன்றத்தில் 2023 ஏப்ரல் 18இல் அந்த வெற்றி உறுதியானது. கட்டமைப்புத் திட்டம் சட்டபூர்வமான ஆவணம், அதிலிருந்து விலகினால் டத்தோ பண்டார் காரணம் சொல்லியாகவேண்டும் என்றது நீதிமன்றம். நிலம் வைத்திருந்த அறநிறுவனத்தில் டத்தோ பண்டாரே ஓர் அறங்காவலர் என்பதையும் சுட்டிக்காட்டியது. தலைநகரத் திட்டமிடலில் இது பெரிய தீர்ப்பு.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். இந்த வழக்கின் மையத்தில் இருந்தது 1970ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதி ஒன்று. ஓரிடத்தில் நிலப் பயன்பாட்டையோ அடர்த்தியையோ மாற்றும்போது, ஒட்டியுள்ள நிலங்களின் பதிவு பெற்ற உரிமையாளர்களுக்குத் தெரிவித்து அவர்கள் ஆட்சேபத்தைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். பதிவு பெற்ற உரிமையாளர்கள். நிலத்தின் மீதே நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. அதனால் அந்த விதியின் கண்ணில் அவர் இல்லை. வேலிக்கு அப்பால் கொண்டோவில் சொந்த வீடு வைத்திருப்பவர் இருக்கிறார்.

இதைச் சொன்னால் சிலர் உடனே பூங்காவுக்காகப் போராடியவர்களை வில்லனாக்கிவிடுவார்கள். அது நியாயமில்லை. பூங்கா எல்லாருக்கும் உரியது. வழக்கில் ஜெயித்தது பொதுநன்மைதான். ஆனால் ‘பூங்காவைக் காத்த மக்கள்’ என்று ஒரு படம் எடுத்தால் நீண்ட வீடு அதில் ஓரமாக மங்கலாகத் தெரியும். ‘ஏமாற்றப்பட்ட தோட்டத் தமிழர்’ என்று எடுத்தால் பூங்கா மங்கிவிடும். அதுவும் போக, நீண்ட வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. எந்தத் திட்டமாவது வந்து வீடு கிடைத்தால் சரி என்றவர்கள் இருந்தார்கள்; கூரை ஒழுகும் வீட்டில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் அப்படிச் சொன்னால் அதில் தப்பு என்ன? இந்த மூன்று தரப்பையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தி, யாரையும் நல்லவராகவோ கெட்டவராகவோ சுருக்காமல் விடுவது கடினம். ஆனால் நகரம் என்பது இந்தக் கடினம்தான்.

பட்டா இல்லாதவர் தன் வாழ்வை எதைக் கொண்டு நிரூபிப்பார்? இங்கேதான் படம் எடுப்பவருக்குத் தனி வேலை இருக்கிறது. பழைய பிறப்புப் பத்திரத்தில் முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தண்ணீர் பில், பள்ளி ரிப்போர்ட் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். இவற்றைக் கேமராவுக்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லி, அவசரப்படாமல், அவர் பேசுவதைப் பதிவு செய்தாலே பாதிப் படம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, யாரும் கண்டுகொள்ளாத புதையல்: கல்யாண கேசட். 80களிலும் 90களிலும் நம் வீட்டுக் கல்யாணம், சடங்கு எதையும் வீடியோக்காரர் இல்லாமல் நடத்தியதில்லை. பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் காட்சியை வேகமாக ஓட்டிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நிறுத்துங்கள். கோயிலிலிருந்து வீடு வரை வீடியோக்காரர் பின்னோக்கி நடந்தபடியே எடுத்திருப்பார். நாதஸ்வரக்காரர்களின் தோளுக்கு மேலே இன்று இல்லாத செம்மண் சாலை தெரியும். திடல், திடல் ஓரத்தில் ரப்பர் பால் கொட்டாய், கம்பத்துக் கடையின் பெயர்ப்பலகை, மாற்றப்படுவதற்கு முன் கோயில் இருந்த திசை, மழைநீர் ஓடிய கால்வாய். எந்த நில அளவையாளரும் வரைந்து வைக்காத வரைபடம் அது. யார் வீடு எந்த வரிசையில் இருந்தது என்பதைக்கூட, வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் முகங்களை வைத்துப் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் கேசட் பூஞ்சை பிடித்துப்போகிறது; வீடியோ பிளேயர் தயாரிப்பும் 2016ஓடு உலகத்திலேயே நின்றுவிட்டது. பழைய பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடித்து, கம்பத்து மண்டபத்தில் வைத்து, ‘கேசட் கொண்டு வாங்க, காப்பி எடுத்துத் தருகிறோம்’ என்று ஓர் ஞாயிற்றுக்கிழமை அறிவித்தால் ஆவணக் காப்பகமே உருவாகிவிடும். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பினாங்கில் இதற்கு நேர்மாறான பாடம் ஒன்று 2009இல் நடந்தது. குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா, மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கம்பம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டி ‘தமிழ் ஹை சப்பரல்’ என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்று, அதே ஆண்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. மாடுகளும் தென்னையும் கண்ணீரும் செய்திப் படங்களில் ஏராளம். ஆனால் பிரவுன் குடும்பத்துத் தோட்ட நிலம் எப்படி மாநில அரசிடம் வந்தது, அங்கிருந்து எப்படி அரசு ஊழியர் கூட்டுறவுக் கழகத்துக்குப் போனது, பிறகு எப்படி மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது என்ற சங்கிலியை ஒரு சாதாரணப் பினாங்குக்காரரிடம் இன்று கேட்டுப் பாருங்கள். கட்சிச் சண்டைதான் நினைவிருக்கும். ஒரு கட்சி விற்றது, இன்னொரு கட்சி காப்பாற்றவில்லை என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. நிலக் கைமாற்றம் நடந்த ஆண்டுகளில் எந்தக் கேமராவும் நில அலுவலக வாசலுக்குப் போகாததன் விளைவு இது.

உலக அளவில் பார்த்தால் நகரக் குடியிருப்பைப் பற்றிய படங்களுக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. 1935இல் லண்டன் சேரி மக்களை நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசவைத்த ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ முதல் வகைக்கு முன்னோடி. எலி, மூட்டைப்பூச்சி, ஈரச்சுவர் என்று அவர்களே சொல்வார்கள். அன்றைக்கு அது புரட்சி. ஆனால் படத்துக்குக் காசு கொடுத்தது எரிவாயுத் துறை. புது ஃபிளாட் எழுந்தால் எரிவாயு அடுப்பு விற்கும். மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல, தீர்வை வேறொருவர் சொன்னார். நம் நாட்டில் 1946இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட்டின் பல படங்களும் ஏறக்குறைய இந்த வழிதான். தமிழ்க் குரலோடு தோட்டம் தோட்டமாக வேனில் கொண்டுபோய்க் காட்டினார்கள். இன்றைக்கு மேம்பாட்டு நிறுவனங்கள் எடுக்கும் ‘சாவி ஒப்படைப்பு’ வீடியோக்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

இரண்டாவது வகை 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் பிறந்தது. மீனவர்களை அரசாங்கம் வேறிடத்துக்குப் பெயர்க்க நினைத்த நேரம். காலின் லோ என்ற இயக்குநர் ஒரே பெரிய படமாக எடுக்காமல் 27 குறும்படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார். ஒரு கரைக்காரர் சொன்னதை மறு கரைக்காரர் அப்போதுதான் கேட்டார். பிறகு அதிகாரிகளுக்குக் காட்டி, அவர்கள் பதிலையும் படமாக்கித் திரும்பத் தீவுக்கே கொண்டுவந்தார்கள். தீவுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள். படம் விருதுக்குப் போவதற்கு முன் பக்கத்துத் தெருவுக்குப் போகவேண்டும் என்ற எளிய ஒழுங்கு இது. ரிம்பா கியாராவில் கொண்டோக்காரர் பேசுவதை நீண்ட வீட்டிலும், நீண்ட வீட்டுக்காரர் பேசுவதைக் கொண்டோ மண்டபத்திலும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குக் கற்பனை ஓடுகிறது.

சரி, மண்டபத்தில் போட்டுக் காட்டுவது இங்கே அவ்வளவு சுலபமா? 2013இல் இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைக் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமை அமைப்பு ஊழியர் ஒருவர் மேல் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வழக்கு வந்தது. 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். தணிக்கைக்குப் போகாத படத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம் என்பதை அந்த வழக்குதான் பலருக்கும் உணர்த்தியது. எடுப்பதற்கும் ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் உரிமம் வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் சமூக ஊடக வீடியோவுக்கும் அது பொருந்தும் என்று அமைச்சர் சொல்லப்போய், எதிர்ப்பு கிளம்பி, அரசு பின்வாங்கியது. இவற்றுக்கு நடுவே 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் புதியவர்களுக்குச் சிறு நிதியும் பயிற்சியும் கொடுத்துக் குறும் ஆவணப்படங்களை வளர்த்து வருகிறது. தமிழில் கதை வைத்திருப்பவர்கள் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தட்டலாம்.

கம்பம் போன பிறகு மக்கள் எங்கே போனார்கள் என்பதும் நம் படங்களில் விடுபட்டே வருகிறது. சாவி கொடுக்கும் காட்சியோடு எல்லாம் முடிந்துவிடும். பிபிஆர் எனும் அரசின் மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடியில் வாடகை மாதம் 124 ரிங்கிட். மூன்று அறை, சுமார் 650 சதுர அடி. காகிதத்தில் பார்த்தால் நீண்ட வீட்டை விட மேல். ஆனால் 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் ஒரு பிபிஆரின் மேல்மாடியிலிருந்து யாரோ எறிந்த நாற்காலி விழுந்து 15 வயதுப் பையன் இறந்தான். அதற்குப் பிறகு எல்லாரும் குடியிருப்பாளர்களின் ஒழுக்கத்தைப் பேசினார்கள். பழைய சாமானைக் கொண்டுபோய்ப் போட எத்தனை மாடி இறங்கவேண்டும், லிப்ட் எத்தனை வேலை செய்கிறது, பிள்ளைகள் விளையாட எங்கே இடம் என்பதைக் குறைவாகவே பேசினார்கள். அங்கே படமெடுக்கப் போகிறவர் குற்றம், போதை என்று தொடங்காமல், சாவு விழுந்தால் பெட்டியை எப்படிக் கீழே இறக்குகிறீர்கள் என்று கேட்கட்டும். லிப்டின் அளவு, படிக்கட்டின் திருப்பம், அக்கம்பக்கத்து ஆண்கள் தோள் கொடுப்பது, பந்தல் போடக் கார் நிறுத்துமிடத்தில் இடம் பிடிப்பது என்று கட்டடத்தின் வடிவமைப்பு முழுவதும் அந்தப் பதிலில் வந்துவிடும். ஒலியைக் கவனியுங்கள், நடைக்கூடம் எல்லாச் சத்தத்தையும் எதிரொலித்துத் திருப்பி அனுப்பும். சட்டை மைக் இல்லாமல் போனால் பேச்சு ஒன்றும் தேறாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸும் இப்படித்தான். சந்தையும் பூக்கடையும் வண்ண வளைவும் எல்லாருடைய படத்திலும் உண்டு. 2010இல் லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்ததிலிருந்து அது கேமராவுக்கென்றே செய்த தெரு மாதிரி ஆகிவிட்டது. ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த நூறாண்டுப் பழைய ‘நூறு குவாட்டர்ஸ்’ இடிபட்டதை எத்தனை பேர் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள்? ரயில் பணிமனையின் 72 ஏக்கரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்து 2001இல் திறந்ததும், அதைச் சுற்றி நில விலை ஏறியதும், பத்துப் பதினைந்து ஆண்டில் குவாட்டர்ஸ் போனதும் ஒரே தொடர் நிகழ்ச்சி. தனித்தனியாக எடுத்தால் ஒன்று வளர்ச்சிப் படம், மற்றது சோகப் படம்.

அடுத்த தொடர் இப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா, பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்ட உரிமையாளர் சம்மதத்துக்கு அளவு வைத்தது: 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடமானால் 80 விழுக்காடு, அதைத் தாண்டியதானால் 75, கைவிடப்பட்டதோ ஆபத்தானதோ ஆனால் 51. அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் இதுவரை எல்லாரும் சம்மதிக்கவேண்டும் என்றிருந்தது. 80ஆ 75ஆ என்றுதான் வாதம் முழுக்க நடந்தது. எண்ணப்படுவது மறுபடியும் உரிமையாளர்தான். வாடகைக்கு இருப்பவர் 20 ஆண்டு இருந்தாலும் அந்தக் கணக்கில் சேரமாட்டார். தோட்டத்திலிருந்து நீண்ட வீட்டுக்கு, நீண்ட வீட்டிலிருந்து வாடகை ஃபிளாட்டுக்கு என்று வந்து சேர்ந்த குடும்பங்கள் செந்தூலிலும் பந்தாயிலும் இப்படி நிறைய உண்டு. அங்கே போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியோடு போனால் போதும்: இந்த வீடு யார் பேரில் இருக்கிறது? பதிலையும் தேதியையும் பதிவு செய்து வையுங்கள். படத்தின் பெயர், இசை, போஸ்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.